ஹாஜியா தவ்ஹீதாவின் தண்ணீர்

என் மகள் ஹனீனுக்கு நாற்பதாம் நாள் ஓதி முடித்த அதே வாரம், சங்கக் கூடத்தில் ஊரே உட்கார்ந்திருக்க, ஹாஜி ரிஷ்வான் என்னை ஊத்தைக்காரி என்றான். அந்த வார்த்தையைச் சொல்லவில்லை. அவன் எதையும் சர்க்கரை தடவித்தான் சொல்வான். "பாவம், ஊருக்கெல்லாம் கை கழுவக் கத்துக்குடுத்தாங்க இன்ஷிராஹ். சொந்த வீட்டுப் பிள்ளையக் கவனிக்க நேரம் கிடைக்கல போல" என்று தலையை ஆட்டி வருத்தப்பட்டான். கூடத்தில் இருந்த பெண்கள் என் கைகளைப் பார்த்தார்கள். நான் அவற்றை மடியில் மறைத்துக்கொண்டேன். மறைத்ததற்காக இன்றைக்கும் என் மேலேயே எனக்கு ஆத்திரம் வருகிறது.

பதினாறு வருஷமாக எங்கள் ஊர் இஸ்பத் தர்வாலியில் வீடு வீடாகப் போகிறவள் நான். சுகாதார நிலையத்தின் ஆள். தடுப்பூசி அட்டை, வயிற்றுப்போக்குக்கு உப்புப் பொட்டலம், கர்ப்பிணிகளுக்கு இரும்பு மாத்திரை, எல்லாருக்கும் சோப்பு. "சோப்பு இன்ஷிராஹ் வர்றா, கைய ஒளிச்சு வைங்கடா" என்று பிள்ளைகள் கத்திக்கொண்டு ஓடும். ஏதாவது ஒரு வீட்டில் சாப்பிட்டுவிட்டுப் போ என்று முலூக்கியாக் கீரையும் ரொட்டியும் வைத்துவிடுவார்கள். ரிஷ்வான் அப்படிப் பேசிய மறுநாள், பேக்கரித் தெரு பஹிய்யா எனக்குக் காகிதக் கோப்பையில் டீ கொடுத்தாள். அவளுடைய கண்ணாடிக் கிளாஸ்கள் ஆறும் அலமாரியில் பளபளவென்று இருந்தன. டீயைக் குடித்து முடித்து, கோப்பையைக் கசக்கிப் பையில் போட்டுக்கொண்டு வெளியே வந்தேன். இந்த மனுஷனை மண்ணைக் கவ்வ வைக்காமல் விடமாட்டேன் என்று அந்தத் தெருவில் நின்றுதான் முடிவு செய்தேன்.

திட்டத்தைக் குறை சொல்லக் கூடாது. இரண்டு வருஷத்துக்கு முன்னால் எங்கள் சுகாதார நிலையமும் சமூக மேம்பாட்டுச் சங்கமும் கைகோத்து ஆரம்பித்த வேலை அது. 'ஆரோக்கியக் குடியிருப்பு' என்று பெயர் வைத்தார்கள். சங்கம் குழாய் போடும், சாக்கடையை மூடும், வாய்க்கால் கரைக் குப்பையை அள்ளும். நாங்கள் நோயை எண்ணுவோம். டாக்டர் மாஹினாஸ் என்று ஒரு சின்னப் பெண் வந்தாள், கெட்டிக்காரி. கூடத்துச் சுவரில் ஊர் வரைபடத்தை ஒட்டி, நான் கொண்டுவரும் வீட்டு எண்களுக்கெல்லாம் சிவப்பு ஊசி குத்துவாள். எங்கே ஊசி கூடுகிறதோ அங்கே சங்கத்தின் மண்வெட்டி போகும். முதல் கோடையிலேயே பிள்ளைகளின் வயிற்றுப்போக்கு பாதியாகக் குறைந்தது. ஊர் நன்றாகத்தான் ஆகிக்கொண்டிருந்தது.

சங்கத் தலைவன் ரிஷ்வான். குழாய் போடும் ஒப்பந்தக்காரனும் அவனே. கேட்க யாருக்குத் தைரியம்?

ரமலான் முடிந்து டைபாய்டு வந்தது. இரண்டு மாதத்தில் நாற்பத்தேழு வீட்டில் காய்ச்சல். நாற்பத்தாறு வீட்டுப் பிள்ளைகள் எழுந்துவிட்டார்கள். என் பிள்ளைக்குக் குடல் ஓட்டையாகிவிட்டது. பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தபோது நேரம் கடந்துவிட்டது என்றார்கள். பதினொரு வயது. கல்யாணமாகி எட்டு வருஷம் கழித்துப் பிறந்தவள். அவளுக்குப் பிறகு வேறு யாரும் இல்லை.

நாற்பத்தேழு ஊசியும் வரைபடத்தில் எல்லாத் தெருவிலும் சிதறிக் கிடந்தன. ஓர் இடத்தில் கூடியிருந்தால் குழாயைச் சொல்லலாம். வீட்டுக் குழாய்த் தண்ணீரைச் சோதித்தார்கள், சுத்தம். அப்படியென்றால் கைதான் காரணம் என்றான் ரிஷ்வான். கை என்றால் யார் கை என்று ஊருக்குத் தெரியும்.

ஆனால் எனக்கு மட்டும் ஒன்று தெரிந்திருந்தது. என் கணவர் மஹ்ரூஸிடம்கூட அதை நான் சொல்லவில்லை.

எங்கள் ஊரில் நான்கு தர்மத் தண்ணீர்ப் பெட்டிகள் உண்டு. தெரு முனையில், மின்சாரத்தில் குளிரும் இரும்புப் பெட்டி, இரண்டு குழாய், சங்கிலியில் தொங்கும் குவளை. ஒவ்வொன்றும் இறந்துபோன ஒருவர் பேரில் வைத்தது. குடிக்கிறவர் பெட்டியின் மேல் எழுதியிருக்கும் பெயரைப் பார்த்து அவர் ஆத்மாவுக்காக ஒரு ஃபாத்திஹா ஓதிவிட்டுப் போவார். பேக்கரித் தெரு முனையில் இருந்த பெட்டி ரிஷ்வானின் தாய் ஹாஜியா தவ்ஹீதா பேரில். தங்க நிற எழுத்து. நாலு பெட்டியிலும் அதுதான் சில்லென்று இருக்கும்.

அது வழிப்போக்கர் தாகத்துக்கு. பாட்டிலில் பிடித்து வீட்டுக்குக் கொண்டுபோவது கேவலம், பிச்சைக்காரப் புத்தி என்பார்கள். என்பார்களே தவிர, ஊரில் கொண்டுபோகாத பெண் கிடையாது. அதிலும் வீட்டில் பிள்ளைக்கு உடம்பு சரியில்லை என்றால் கட்டாயம் கொண்டுபோவாள். ஒரு தாயின் பேரில் ஆயிரம் பேர் ஓதிய தண்ணீர் பிள்ளையின் தொண்டையில் இறங்கினால் குணமாகும் என்று எல்லாருக்கும் நம்பிக்கை. போர்வைக்குள் பாட்டிலை ஒளித்துக்கொண்டு, பக்கத்தில் ஆள் இல்லாத நேரம் பார்த்துப் பிடிப்பார்கள். அதை யாரிடமும் சொல்ல மாட்டார்கள். எங்கள் கணக்கெடுப்புத் தாளில் 'குடிதண்ணீர் எங்கிருந்து' என்று ஒரு கேள்வி. நாற்பத்தேழு வீடும் 'குழாய்' என்றே சொல்லியிருந்தது. என் வீட்டுத் தாளிலும் குழாய் என்றுதான் இருக்கிறது. எழுதியது நான்.

ரமலான் கடைசிப் பத்து நாளில் ஹனீனுக்குத் தொண்டை வீங்கியிருந்தது. தண்ணீரைக் கொதிக்க வைத்துக் குடி என்று பதினாறு வருஷமாக ஊருக்குச் சொன்னவள், போர்வைக்குள் பாட்டிலோடு போனேன். தவ்ஹீதாவுக்கு ஃபாத்திஹா ஓதினேன். ஏழு நாள், ஏழு பாட்டில். தொண்டை சரியாயிற்று. இரண்டு வாரம் கழித்துக் காய்ச்சல் ஆரம்பித்தது. அப்போதும் ஓடிப்போய் அதே பெட்டியில்தான் பிடித்தேன்.

டாக்டரிடம் என் கதையைச் சொல்லவில்லை. பேக்கரித் தெருப் பெட்டியைச் சோதியுங்கள் என்று மட்டும் சொன்னேன். அவள் உடனே கடிதம் எழுதினாள். சங்கமும் நாங்களும் சேர்ந்த கூட்டுக் குழு ஆயிற்றே, கடிதத்தின் நகல் சங்கத் தலைவனுக்குப் போகத்தான் வேண்டும். சோதிக்க ஆள் வந்த அன்று பெட்டிப் பக்கம் போனாலே குளோரின் வாடை மூக்கைப் பிடுங்கியது. தண்ணீர் சுத்தம் என்று முடிவு வந்தது. "எங்கம்மா தண்ணியவா சோதிக்க வந்தீங்க" என்று ரிஷ்வான் சிரித்தான். அவன் சிரிக்கும்போது தங்கப்பல் தெரியும். அந்தப் பல்லைக் குறடால் பிடுங்க வேண்டும் என்று எனக்குக் கை துறுதுறுத்தது.

மறுபடியும் வீடு வீடாகப் போனேன். பெட்டித் தண்ணீர் எடுத்தாயா என்று கேட்டால் எவளும் ஒப்புக்கொள்ள மாட்டாள். நானே ஒப்புக்கொள்ளாதவள்தானே. அதனால் கேள்வியை மாற்றினேன். ரமலானிலிருந்து யார் யாருக்காக ஃபாத்திஹா ஓதினீர்கள் என்று கேட்டேன். அதைச் சொல்ல யாருக்கும் வெட்கமில்லை, பெருமைதான். பஹிய்யா விரல் விட்டுச் சொன்னாள். மாமனாருக்கு, தன் அம்மாவுக்கு, விபத்தில் போன அண்ணனுக்கு, ஹாஜியா தவ்ஹீதாவுக்கு.

"தவ்ஹீதா உனக்கு என்ன உறவு?" என்றேன்.

"உறவெல்லாம் இல்லக்கா. தண்ணி எடுத்தா ஓதாம வர முடியுமா?" என்றவள் சட்டென்று வாயைப் பொத்திக்கொண்டாள்.

நான் ஒன்றும் கேட்காதவள் மாதிரி எழுதிக்கொண்டேன். நாற்பத்தாறு வீட்டில் நாற்பத்திரண்டு வீடு தவ்ஹீதா பெயரைச் சொன்னது. காய்ச்சல் வராத வீடுகளிலும் அதே கேள்வியைக் கேட்டுவரச் சொன்னாள் டாக்டர். அப்படி இன்னொரு நாற்பத்தாறு வீடு ஏறி இறங்கினேன். அங்கே மற்ற மூன்று பெட்டிக்காரர்களின் பெயர்கள் வந்தன. தவ்ஹீதாவைச் சொன்னது ஐந்தே வீடு.

டாக்டர் மாஹினாஸ் தாளை மேசையில் விரித்து வைத்தாள். பிறகு எண்ணிப் பார்த்தாள். "இன்ஷிராஹ் அக்கா, ஒரு வீடு குறையுதே. உங்க வீடு?" என்றாள். கேள்வி கேட்டவள் பதில் எழுதக் கூடாது என்று சொல்லி மழுப்பினேன். அவள் என்னைப் பார்த்தாள், வற்புறுத்தவில்லை. தாளை நேராக மேலிடத்துக்கு அனுப்புவோம் என்றாள். வேண்டாம், நாளைக்குக் கூட்டுக் குழு இருக்கிறது, அங்கே வைப்போம் என்றேன். மேலிடத்தில் ரிஷ்வானுக்கு எல்லாரையும் தெரியும். அபராதம் போட்டால் கட்டிவிட்டு மறுநாள் வந்து சிரிப்பான். எனக்கு அவன் அழ வேண்டும். எங்கே அடித்தால் அழுவான் என்று எனக்குத் தெரியும். ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் தாயின் கபரில் போய் உட்கார்ந்து சின்னப் பிள்ளை மாதிரி விம்முகிறவன் அவன். அந்தத் தங்க எழுத்தைத் தினம் தன் கைக்குட்டையால் துடைப்பான்.

மறுநாள் கூடம் நிரம்பி வழிந்தது. 'ஆரோக்கியக் குடியிருப்பு' பலகையைத் திறக்க வட்டாரத்திலிருந்து அதிகாரி வந்திருந்தார். இமாம் முன் வரிசையில். என் மஹ்ரூஸ் தன் டுக்டுக் ஆட்டோவை வெளியே நிறுத்திவிட்டுக் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தார். டாக்டர் எழுந்து எண்களைச் சொன்னாள். ரிஷ்வான் கேட்டு முடித்து, "ஃபாத்திஹா ஓதினா காய்ச்சல் வரும்னு எந்தக் காலேஜ்ல சொல்லிக்குடுத்தாங்க டாக்டரம்மா?" என்றான். கூடமே சிரித்தது. அந்தப் பெண் முகம் சிவந்து உட்கார்ந்தாள்.

நான் எழுந்தேன். விளக்கம் எதுவும் சொல்லவில்லை. வாசிக்க மட்டும் செய்தேன். பஹிய்யாவின் மகன் யஸீத், இருபத்தொரு நாள் காய்ச்சல், ஃபாத்திஹா ஹாஜியா தவ்ஹீதாவுக்கு. தையல்கார ஷுக்ரியாவின் இரண்டு பெண்கள், முடி கொட்டிவிட்டது, ஃபாத்திஹா ஹாஜியா தவ்ஹீதாவுக்கு. அவசரமே இல்லாமல் ஒவ்வொரு பெயராக வாசித்தேன். பத்தாவது பெயரில் சிரிப்பு நின்றது. இருபதாவதில் பெண்கள் ஒருத்தி முகத்தை ஒருத்தி பார்த்தார்கள். நான் மட்டும்தான் எடுத்தேன் என்று ஒவ்வொருத்தியும் நினைத்திருந்தாள். கடைசிப் பெயர் வரைக்கும் ரிஷ்வான் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"ஹாஜி, ஒரு சந்தேகம்" என்றேன். "தர்மத் தண்ணி ஓடுற வரைக்கும் அதோட நன்மை கபர்ல இருக்கறவங்களுக்குப் போய்ச் சேரும்னு இமாம் சொல்லுவார். அந்தத் தண்ணியில சாக்கடை கலந்திருந்தா, என்ன போய்ச் சேரும்? யாருக்குச் சேரும்?"

அவன் முகம் வெளுத்துப்போனது. "எங்கம்மாவ இதுல இழுக்காத" என்றான்.

"நான் இழுக்கல ஹாஜி. பேரை எழுதி ஒட்டினது நீங்க."

பஹிய்யா எழுந்து நின்றாள். அந்தம்மாவுக்கு ஓதினதை நான் திருப்பி எடுத்துக்கொள்கிறேன் என்றாள். பக்கத்தில் ஷுக்ரியா எழுந்து, நானும் என்றாள். ஓதியது ஓதியதுதான், திருப்பி எடுக்க மார்க்கத்தில் இடமில்லை என்று இமாம் கையை ஆட்டினார். யார் கேட்டார்கள்? ஒவ்வொருத்தியாக எழுந்தார்கள். ஒவ்வொரு "நானும்" விழும்போதும் ரிஷ்வானின் தோள் ஒரு விரற்கடை இறங்கியது. அல்லாஹ் அறிய, என் மகள் போன பிறகு முதல் தடவையாக என் வயிறு குளிர்ந்தது.

ஆனால் ஒப்பந்தக்காரன் லேசில் விழமாட்டான். தலைவன் என்ற முறையில் எல்லாக் கணக்கெடுப்புத் தாளும் அவன் கையிலிருந்த கட்டுக்குள் இருந்தது. தேடி ஒன்றை உருவினான்.

"நாப்பத்தாறு வீட்டுக் கணக்கு வச்ச. நாப்பத்தேழாவது எங்க?" என்றான். "செத்துப்போனது உன் பொண்ணு ஒருத்திதான். உன் வீட்டுத் தாள்ல குழாய்த் தண்ணின்னு உன் கையாலயே எழுதி வச்சிருக்க. எங்கம்மா தண்ணி படாமலே அந்தப் பிள்ளை செத்துச்சுன்னா, இவ்வளவு நேரம் நீ வாசிச்சது என்ன? நீயே சொல்லு."

கூடம் என் பக்கம் திரும்பியது. அதிகாரி பேனாவை மூடினார். நான் வாயை மூடிக்கொண்டால் அவன் தப்பித்துவிடுவான், பெட்டியும் தப்பித்துவிடும். வாயைத் திறந்தால் கடைசி வரிசையில் இருக்கிறவர் கேட்பார். மகளைக் குளிப்பாட்டிக் கஃபன் துணி சுற்றிக் கிடத்தியபோது என் தோளைப் பிடித்துக்கொண்டு, உன் மேல் ஒரு குற்றமும் இல்லை என்று சொன்ன மனுஷன். அவரைப் பார்த்தேன். ரிஷ்வானைப் பார்த்தேன். அவன் தங்கப்பல் தெரிய ஆரம்பித்திருந்தது. எனக்கு அதுதான் பொறுக்கவில்லை.

"அந்தத் தாள்ல எழுதினது பொய்" என்றேன். "தண்ணிய நான்தான் கொண்டு போனேன். போர்வைக்குள்ள ஒளிச்சு, ஏழு பாட்டில். காய்ச்சல் வந்தப்புறமும் எடுத்தேன். ஒவ்வொரு தடவையும் உங்கம்மாவுக்கு ஓதினேன். என் கையால ஊத்திக் குடுத்தேன். பொய் எழுதினது நான், ஊத்திக் குடுத்தது நான். பைப்ப எங்க போட்டீங்க, அத இப்ப நீங்க சொல்லுங்க ஹாஜி."

அவன் பதிலுக்கு யாரும் காத்திருக்கவில்லை. ஆண்கள் சங்கத்தின் மண்வெட்டிகளையே எடுத்துக்கொண்டு பேக்கரித் தெருவுக்குப் போய்விட்டார்கள். முழங்கை ஆழத்தில் கிடைத்தது. பெட்டிக்குப் போகும் புதுக் குழாய் என்று வரைபடத்தில் காட்டிய இடத்தில், பழைய ரப்பர்க் குழாய் இரண்டைத் துணியால் சுற்றி இணைத்திருந்தது. மேலே உடைந்த சாக்கடை, அந்தத் துணியின் மேல் சொட்டிக்கொண்டிருந்தது. ஓர் ஆள் துணியைக் கையால் தூக்கிக் காட்டினான். பஹிய்யா தெருவிலேயே வாந்தி எடுத்தாள். அதிகாரி திறக்க வந்த பலகையைத் திறக்காமலே திரும்பிப் போய் வழக்குப் போட்டார். பெட்டியைக் கழற்றுவதற்கு முன்னால் ரிஷ்வான் தானே முட்டி போட்டு உட்கார்ந்து, தாயின் பெயரைக் கத்தியால் சுரண்டி எடுத்தான். கடைசி எழுத்து போகும்வரைக்கும் நான் அங்கேயே நின்று பார்த்தேன்.

வீட்டுக்கு வந்ததும் மஹ்ரூஸ் செருப்பைக் கழற்றாமல் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். திட்டுவார் என்று காத்திருந்தேன். ஒன்றே ஒன்று கேட்டார்.

"அவ அந்தத் தண்ணியக் கேட்டாளா?"

"கேட்டா" என்றேன். "சில்லுனு இருக்கும்மா, இன்னொரு கிளாஸ் குடுன்னா."

அதற்குப் பிறகு ஒரு மாதம் அவர் என்னோடு பேசவில்லை.

ஊர் வேலை நிற்கவில்லை. சங்கத்துக்குப் புதுத் தலைவியாக ஷுக்ரியாவைத் தேர்ந்தெடுத்தார்கள். குழாய் புதைக்கும் முன் டாக்டர் வந்து பள்ளத்துக்குள் இறங்கிப் பார்க்க வேண்டும் என்று விதி செய்தார்கள். யாருக்காக ஃபாத்திஹா ஓதினீர்கள் என்ற கேள்வி இப்போது கணக்கெடுப்புத் தாளிலேயே அச்சாகி இருக்கிறது. பஹிய்யா எனக்குக் கண்ணாடிக் கிளாஸில்தான் டீ தருகிறாள். நானும் குடிக்கிறேன்.

வழக்கு நடந்துகொண்டிருக்கும்போது ஒருநாள் அசர் தொழுகைக்குப் பிறகு ரிஷ்வான் என் வாசலில் வந்து நின்றான். இளைத்துப் போயிருந்தான். தூக்கம் இல்லை, அம்மா கனவில் வந்து வாயைத் துடைத்துக்கொண்டே இருக்கிறார் என்றான். "மத்தவங்க திரும்ப ஓதினாலும் ஒண்ணுதான், ஓதாட்டியும் ஒண்ணுதான் உம்மு ஹனீன். நீ ஒரு தடவை ஓதிட்டா எங்கம்மாவுக்குப் போதும்" என்றான். ஹனீனின் தாய் என்று, மகள் பேரோடு சேர்த்து என்னை அவன் கூப்பிட்டது அன்றைக்குத்தான்.

நாற்பத்தாறு வீட்டுக்கும் போய், உங்கள் பிள்ளை படுத்தது என் குழாயால் என்று ஒவ்வொரு வாசலிலும் சொல்லிவிட்டு வா, ஓதுகிறேன் என்றேன். போகமாட்டான் என்று நினைத்தேன். போனான். நான் சோப்புப் பையோடு போகிற அதே தெருக்களில் கதவு கதவாகத் தட்டினான். சிலர் முகத்தில் கதவைச் சாத்தினார்கள். பேக்கரித் தெருவில் ஒரு கிழவி துப்பினாள். அதையும் துடைத்துக்கொண்டு அடுத்த வாசலுக்குப் போனான். பதினொரு நாளில் முடித்துவிட்டுத் திரும்ப வந்து, என் வாசற்படிக்குக் கீழே கைகட்டி நின்றான்.

"சொன்னபடி செஞ்சுட்டேன்" என்றான்.

"நான் செய்ய மாட்டேன்" என்றேன்.

அவன் நம்ப முடியாமல் பார்த்தான். அழுதான். எத்தனை நாள் காத்திருந்தேன் அந்த அழுகைக்கு. நின்று நிதானமாகப் பார்த்துவிட்டுக் கதவைச் சாத்தினேன்.

உள்ளே மஹ்ரூஸ் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். "வாக்கு குடுத்துட்டு இப்படிச் செய்யலாமா? ஓதிவிட்டுரு. செத்துப்போன அவங்கம்மாக் கிழவி என்ன பாவம் பண்ணுச்சு" என்றார்.

கிழவி ஒரு பாவமும் பண்ணவில்லை, எனக்குத் தெரியும். ஆனால் அவள் மகனுக்கு மன்னிப்பைக் கொடுத்தால், போர்வைக்குள் பாட்டிலை ஒளித்துக்கொண்டு போனவளுக்கும் கொடுத்தாக வேண்டும். இரண்டு பேருக்கும் கிடையாது என்று அவரிடம் சொல்லிவிட்டு, சோப்புப் பையை எடுத்துக்கொண்டு கிளம்பினேன்.